பருத்தியை நெருக்கி நட்டால் மகசூல் கூடுமா?

கரிசல் காட்டில் மானாவாரிப் பருத்தி போடப் போகிறேன், பாருக்குப் பார் (செடி வரிசைக்கு வரிசை) எவ்வளவு விடலாம், நெருக்கி ஊன்றினால் லாபமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பெரம்பலூர் பக்கம். முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன விதை? பிடி (Bt, பச்சைக் காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாற்றிய) வீரிய ஒட்டு ரகம் பக்கக் கிளை விட்டுப் பரவும். அதற்கு 4 அடிக்கு 2 அடி (பாருக்குப் பார் 4, செடிக்குச் செடி 2) என்பது கிணற்றுப் பாசனக் கணக்கு. ஏக்கருக்குச் சுமார் 5,400 செடி. மானாவாரியில் செடி அவ்வளவு விரியாது என்பதால் நான் 3 அடிக்கு 2 அடி விடுகிறேன்.

ஒரு வருஷம் ஆசைப்பட்டு அதே விதையை இரண்டடிக்கு இரண்டடி ஊன்றினேன். ஐப்பசி மழையில் செடிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. பவர் வீடர் நுழையவில்லை, களைக்கு ஆள் கூலி இரட்டிப்பு. வெயிலும் காற்றும் இறங்காமல் அடிக்காய்கள் அழுகின. பஞ்சு எடுக்க வந்த அக்கா, "உள்ளே பாம்பு கிடந்தாலும் தெரியாது தம்பி" என்று வரப்பிலேயே நின்றுவிட்டார். விதைக் காசும் கூடுதல், பஞ்சும் குறைவு.

அதற்காக அடர் நடவே தப்பு என்று சொல்ல மாட்டேன். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 17 அதற்கென்றே வந்த ரகம். பக்கக் கிளை ஓடாது, தண்டை ஒட்டியே காய்க்கும். 100 செ.மீ.க்கு 10 செ.மீ. விட்டால் ஏக்கருக்கு 40,000 செடி நிற்கும். ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடித்து, நாலரை மாதத்துக்குள் காடு காலியாகிவிடும். ஆனால் அது பிடி ரகம் இல்லை. பச்சைக் காய்ப்புழுவுக்கு நீங்கள்தான் காவல்.

அப்புறம், 3 அடிப் பாரின் நடுவே ஒரு வரிசை உளுந்து போடுங்கள், பருத்தி மூடுவதற்குள் கைக்கு வந்துவிடும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலைதான் தழைக்கும், தத்துப்பூச்சிக்கு விருந்து. 75, 80 நாளில் செடி இன்னும் மேலே ஓடினால் நுனியைக் கிள்ளிவிடுங்கள்.

கடைசிக் கை பஞ்சுக்காகச் சித்திரை வரை செடியை விட்டுவைக்க வேண்டாம். பிடுங்கிய மாரை (காய்ந்த பருத்திச் செடியை) வரப்பில் அடுக்கவும் வேண்டாம். இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதில் இருக்கும் காய்ந்த காய்களுக்குள்தான் அடுத்த பட்டத்துக்குக் காத்துக்கிடக்கும்.