வாசகர் கேள்வி: கரை விலகினால் இணையம் ஏன் நிற்கிறது?

கேள்வி: குருநகரிலிருந்து படகில் தொழிலுக்குப் போகிறேன். கரையை விட்டு விலகியதும் கைத்தொலைபேசியில் இணையம் நின்றுவிடுகிறது; அழைப்பு மட்டும் சிறிது தூரம் கிடைக்கிறது. இதில் அரசாங்கத்துக்குப் பங்குண்டா?

பதில்: உண்டு, ஆனால் பாதிக் காரணம் இயற்கையே. 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த மீடிறன் (விநாடிக்கு அதிரும் தடவைகள்) கொண்ட அலைகள் தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். அதிகத் தரவைச் சுமக்கும் அகலமான அலைக்கற்றையோ (சேவைக்கு ஒதுக்கும் மீடிறன் வீச்சு) பெரும்பாலும் உயர்ந்த மீடிறன்களிலேயே கிடைப்பதால் விரைவில் தேய்ந்துவிடும்; அதனால் அழைப்புக்கு முன்பே இணையம் நிற்கிறது. எந்த நிறுவனத்துக்கு எந்தக் கற்றை என்பதை, 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே தீர்மானிக்கிறது.

கற்றைக்கு அரசு அறவிடும் தொகை உயர்ந்தால், நிறுவனங்கள் கோபுரம் கட்ட வைத்திருந்த மூலதனம் குறையலாம். அப்போது முதலில் கைவிடப்படுவது ஆட்கள் குறைந்த தீவகமும் கடலோரமுமே. ஜேர்மனி 2010 இல் 800 மெகாஹேர்ட்ஸ் கற்றையை ஏலமிட்டபோது, வசதி குறைந்த கிராமப்புறங்களுக்கு முதலில் சேவை வழங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. திறைசேரிக்கு வருமானம் சற்றுக் குறைந்தாலும், நெடுந்தீவு போன்ற இடங்களுக்கும் அத்தகைய நிபந்தனையே பொருத்தம் என்பது என் எண்ணம்.

ஆபத்து வேளையில் மட்டும் கைத்தொலைபேசியை நம்ப வேண்டாம். 156.8 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் வி.எச்.எப். (கடல் வானொலி) 16 ஆம் அலைவரிசை கடலில் அபாய அழைப்புக்கும் முதல் தொடர்புக்கும் உலகெங்கும் ஒதுக்கப்பட்டது. அதற்கான கருவி படகில் இருக்கட்டும்.