கவரிங் நகைக்குப் புளி வேண்டாம்

கேள்வி: என் மகள் பரதம் கற்கிறாள். வரும் தை மாதம் அரங்கேற்றம். போன வருடம் வாங்கிய கெம்புக்கல் செட் அதற்குள் மங்கிவிட்டது. நெற்றிச்சுட்டியில் சில கற்கள் கறுத்துப் போயின. நான் தினமும் போடும் கவரிங் செயினைப் புளித் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. இரண்டு நாளில் சிவந்து, அப்புறம் கறுத்தே போய்விட்டது. டூத்பேஸ்ட் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கம்மல் போட்டால் காது வேறு அரிக்கிறது. வீட்டிலேயே என்ன செய்யலாம்?
- வாசகி, திருச்சி

பதில்: டூத்பேஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். பல்லில் இருக்கும் கறையை எடுக்க அதில் மிக நுண்ணிய தூள் சேர்த்திருப்பார்கள். அந்தத் தூள் கவரிங்கின் மேல்பூச்சையும் சேர்த்து அரைத்து எடுத்துவிடும். சபீனா, விபூதி, சமையல் சோடா எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

உங்கள் செயினுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். கவரிங் என்பது செம்பிலோ பித்தளையிலோ செய்து, மேலே தங்க முலாம் பூசியது. பல நகைகளில் அந்த முலாம் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. தலைமுடி ஒன்றின் கனமே ஏறத்தாழ 70 மைக்ரான். அப்படியென்றால் அந்தப் பூச்சு எவ்வளவு மெல்லியது என்று நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துளைகளும் அதில் உண்டு. புளி தங்கத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் அமிலம் துளை வழியே இறங்கி அடியில் இருக்கும் செம்பைப் பிடித்துக்கொள்ளும். மேலே தேய்க்கத் தேய்க்க, ஏற்கெனவே பிடிப்பு விட்டிருந்த முலாமும் கையோடு வந்துவிடும். முதல் நாள் நீங்கள் பார்த்த பளபளப்பு தங்கத்துடையது அல்ல, புதிதாக வெளியே வந்த செம்புடையது. அது காற்றிலும் வியர்வையிலும் கறுக்கத்தான் செய்யும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நல்லதுதான். விளக்கு முழுக்கப் பித்தளை என்பதால் எவ்வளவு தேய்த்தாலும் அடியிலும் பித்தளையே இருக்கும். கவரிங்குக்கு அந்த வசதி இல்லை.

அதனால் கவரிங்கைத் தேய்ப்பதை விட்டுவிட்டுத் துடைக்கப் பழகுங்கள். செயினைக் கழற்றியதும் பழைய வேட்டித் துணியாலோ மெல்லிய காட்டன் துணியாலோ ஒற்றித் துடைத்தால் அன்றைய வியர்வை போய்விடும். முக்கால்வாசி வேலை இதிலேயே முடிந்தது. குளிக்கும்போது கட்டாயம் கழற்றி வையுங்கள். சோப்பும் மஞ்சளும் கண்ணிகளுக்குள் புகுந்து காய்ந்து, நகையை மங்கலாக்கிவிடும். சென்ட், பவுடர், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் முடிந்து, அவை காய்ந்த பிறகு கடைசியாக நகையைப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைக் கழற்றுங்கள்.

அழுக்கு ரொம்பவே சேர்ந்துவிட்டால், கல் இல்லாத செயினை மட்டும் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு முக்கி எடுக்கலாம். ஊறப்போடக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிதண்ணீரில் அலசுங்கள். துணிக்கு நடுவில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்து, அரை மணி நேரம் ஃபேன் காற்றில் விடுங்கள். முகப்பு வைத்த செயின் என்றால் முகப்பு தண்ணீரில் படாமல் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடன செட்டில்தான் உண்மையான கவனம் தேவை. அசல் கோயில் நகைகளை நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் செய்து தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு ஒட்டுவார்கள். அவை விலை உயர்ந்தவை. பிள்ளைகளுக்கு நாம் வாங்குவது பெரும்பாலும் முலாம் பூசிய செட். அதில் இருக்கும் சிவப்பு, பச்சைக் கற்கள் கண்ணாடிதான். கல்லுக்கு அடியில் ஒரு பளபளப்புத் தாள் இருக்கும், வெள்ளைக் கல்லென்றால் கண்ணாடியின் பின்புறம் ரசம் பூசியிருக்கும். அந்தக் கல்லுக்கு ஒளியே அந்த அடிப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. வியர்வையோ தண்ணீரோ கல்லின் ஓரமாக உள்ளே இறங்கினால் தாள் கறுத்துவிடும், மேலே என்ன துடைத்தாலும் கல் தெளியாது. உங்கள் நெற்றிச்சுட்டிக்கு ஆனது இதுதான். நெற்றியில் வழியும் வியர்வை முழுக்க அதன் மேல்தானே இறங்குகிறது!

கறுத்த கல்லை வீட்டில் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மற்ற கற்களைக் காப்பாற்ற, நிகழ்ச்சி முடிந்த அன்றே, மேக்கப் காய்ந்து இறுகுவதற்கு முன்னால் துடைத்துவிடுங்கள். இயர்பட்டின் நுனியை லேசாக நனைத்து, விரலால் பிழிந்து, ஈரம் சொட்டாத பதத்தில் கல்லின் முகத்தை மட்டும் துடையுங்கள். அப்போது கல் தரையைப் பார்க்கும்படி நகையைக் கவிழ்த்துப் பிடித்தால், தப்பித் தவறி ஒரு சொட்டு இருந்தாலும் உள்ளே இறங்காது. கல்லைச் சுற்றிய வேலைப்பாட்டில் ஒட்டிய பேன்கேக் மேக்கப்பைக் குழந்தைகளின் மென்மையான பிரஷ்ஷால், ஈரமில்லாமல் தட்டி எடுங்கள். சூடான ஹேர் டிரையர் வேண்டாம். கல்லை ஒட்டிய பசை இளகிவிடும். தலையில் வைக்கும் தலைசாமானையும் இடுப்பு ஒட்டியாணத்தையும் கட்டும் கயிறுகளையும் பாருங்கள். வியர்வை ஊறிய கயிறு பக்கத்திலுள்ள உலோகத்தையும் கெடுக்கும், புதுக் கயிறு மாற்றிவிடுங்கள்.

கழுத்தில் பச்சையாக ஒட்டுவது செம்பின் களிம்பு, சோப்புப் போட்டால் போய்விடும். காது அரிப்பு வேறு விஷயம். முலாமுக்கு அடியிலோ கம்மல் தண்டிலோ நிக்கல் கலந்திருந்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும். தண்டில் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசிப் போடுவது சில நாள்தான் தாங்கும். ஒருமுறை நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் போனால் அது பெரும்பாலும் கூடவே இருக்கும். தண்டு மட்டும் தங்கத்திலோ சர்ஜிக்கல் ஸ்டீலிலோ இருக்கும் கம்மலுக்கு மாறுங்கள். துளையில் நீர் கசிந்தால் எதையும் போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று: மலிவான ஃபேன்ஸி நகைகளில் ஈயமும் காட்மியமும் இருப்பதுண்டு. வாயில் வைத்துச் சப்ப விடாதீர்கள்.

வைக்கும் விதத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள், ஒன்றை ஒன்று உரசும். ஒவ்வொன்றையும் தனி ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றை டப்பாவில் போட்டு வைக்கலாம். ரப்பர் பேண்ட் சுற்ற வேண்டாம்; அதில் இருக்கும் கந்தகம் செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும்.

செயினையும் நெற்றிச்சுட்டியையும் கவரிங் கடையில் இப்போதே கொடுத்துவிடுங்கள். கலர் போட்டு, அதாவது மறுபடி முலாம் பூசி, கல் மாற்றித் தருவார்கள். கல்லோடு சேர்த்து முலாம் தொட்டியில் முக்கினால் மிச்சமிருக்கும் கற்களும் போய்விடும். கல்லைக் கழற்றிவிட்டுத்தானே கலர் போடுவீர்கள் என்று கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தை வரைக்கும் ஒத்திகைக்கெல்லாம் பழைய செட் ஒன்றை இரவல் வாங்கிப் போடச் சொல்லுங்கள். உங்கள் நடன ஆசிரியரிடமோ சீனியர் பிள்ளைகளிடமோ கேட்டால் கட்டாயம் கிடைக்கும்.