வாசகர் கேள்வி – பதில்: அழிந்துபோகும் படிவங்களும் திகதியிட்ட எழுத்தும்

இம்முறை வந்த கடிதங்களில் பல, கணினியோடும் கைத்தொலைபேசியோடும் படும் பாட்டைப் பற்றியவை. அவற்றிலிருந்து ஆறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓர் அலுவலகத்தின் இணையப் படிவத்தை முக்கால் மணி நேரம் இருந்து நிரப்பிக் கடைசிப் பொத்தானை அழுத்தியதும் "தவறான உள்ளீடு" என்று ஒரு வரி வந்தது. நிரப்பியவை அத்தனையும் அழிந்துவிட்டன. மூன்று தடவை முயன்றேன். "பெரியம்மாவுக்குக் கணினி சரிவராது" என்கிறான் என் பெறாமகன். பிழை என்னுடையதா?
– ஒரு வாசகி, கொக்குவில்

பிழை உங்களுடையது அன்று. வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஒரே வினாவில் தடுக்கி விழுந்தால் ஆசிரியர் வினாத்தாளையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பார் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். படிவத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் விடும் பிழைகளுக்குப் பெரும்பாலும் அப்பொருள் அமைக்கப்பட்ட விதமே காரணம் என்பதை வடிவமைப்புத் துறை அறிஞர் டொனால்ட் நோர்மன் 1988 இலேயே விரிவாக எழுதினார். கணினித் திரைகளை அமைப்பதற்கென அதே துறையைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன் 1994 இல் ஒழுங்குபடுத்திய பத்து நெறிகளில் ஒன்று, பிழைச் செய்தி சாதாரண மொழியில் இருக்க வேண்டும், எங்கே பிழை என்று சுட்ட வேண்டும், திருத்தும் வழியையும் சொல்ல வேண்டும் என்பது. உங்களுக்கு வந்த "தவறான உள்ளீடு" இம்மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை.

உங்கள் படிவம் எந்த இடத்தில் மறுத்திருக்கும் என்று என்னால் ஊகிக்க மட்டுமே முடியும். ஆனால் நம் ஊரவர் அகப்பட்டுக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. பழைய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள் இருக்கும். இரண்டும் செல்லுபடியானவை, ஆனால் படிவத்தை எழுதியவர் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்திருந்தால் மற்றது "தவறு" ஆகிவிடும். அடுத்தது பெயர். தந்தையாரின் பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு நம் பெயரைப் பின்னே எழுதுபவர்கள் நாம். படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. வேறு வழியின்றித் தந்தையாரின் பெயரை அங்கே இட்டால், பின்னர் வரும் கடிதங்கள் எல்லாம் அவரை விளித்தே வரும். ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டுக்கு இலக்கமே இல்லாதபோது வீட்டு இலக்கத்தைக் கட்டாயம் கேட்பதும் இத்தகையதே. இவை உங்கள் அறியாமையால் வருபவை அல்ல. படிவத்தை அமைத்தவர் இங்குள்ள பெயரையும் ஒழுங்கையையும் அறியாமல் இருந்ததால் வருபவை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குற்றம், நீங்கள் நிரப்பியவற்றை அழித்தது. ஒரு கட்டத்தில் பிழை இருந்தால் அந்தக் கட்டத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு மற்றவற்றை அப்படியே வைத்திருப்பது கணினிக்கு மிக எளிய வேலை. ஒருவர் முக்கால் மணி நேரம் இருந்து எழுதியதைக் கேட்காமல் எறிந்துவிட அதற்கு எந்த உரிமையும் இல்லை. இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், வயதில் மூத்தவர்கள் பலர் இப்படி ஓரிரு தடவை அடிபட்டபின் "எனக்கு இது வராது" என்று ஒதுங்கி, அதன்பின் ஒவ்வொரு அலுவலுக்கும் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்கத் தொடங்குவதை நான் அடிக்கடி பார்ப்பதுதான்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை: நீண்ட விடைகளை முதலில் கைத்தொலைபேசியின் குறிப்பேட்டில் எழுதிவைத்து, அங்கிருந்து படி எடுத்து ஒட்டுங்கள். கடைசிப் பொத்தானை அழுத்துமுன் திரையைப் படம்பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்திய பின் ஒன்றும் நடவாததுபோல் தோன்றினாலும் உடனே மீண்டும் அழுத்தாதீர்கள். விண்ணப்பம் இரண்டாகப் போய்விடக்கூடும். (ஒரு விநாடிக்கு மேல் தாமதமானால் எண்ண ஓட்டம் அறும், 10 விநாடியைத் தாண்டினால் கவனமே வேறிடம் போய்விடும் என்பது இத்துறையில் நெடுநாளாக அறியப்பட்டது. ஆகவே "அலுவல் நடைபெறுகிறது, காத்திருங்கள்" என்று காட்டவேண்டியது படிவத்தின் கடமை.) திகதி, நேரம், திரையில் வந்த சொற்கள் ஆகியவற்றை உள்ளபடி குறித்து அந்த அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

பெறாமகனிடமும் ஒன்று கேளுங்கள். உங்கள் பக்கத்தில் இருந்து, வாய் திறவாமல், நீங்கள் எந்த இடத்தில் தயங்குகிறீர்கள் என்று மட்டும் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். மென்பொருளைச் சோதிக்கும் முறைகளில் இதுவே மிகப் பயனுள்ளது. இப்படி ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது நீல்சனின் வாதம். அதைச் செய்து முடித்தபின், கணினி யாருக்குச் சரிவரவில்லை என்று அவரே சொல்லட்டும்.

கேள்வி: தமிழில் குறுஞ்செய்தி எழுதினால் இரண்டு வரியிலேயே "இரண்டாம் செய்தி" என்று காட்டுகிறது. ஆங்கிலத்தில் அப்படி இல்லையே?
– ஒரு வாசகர், சாவகச்சேரி

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்குள் 160 எழுத்துகள் அடங்கும். தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலும் அந்த எல்லை 70 ஆகிவிடும். போதாக்குறைக்கு, நாம் எண்ணுவதுபோல் கணினி எண்ணுவதில்லை. "யாழ்ப்பாணம்" என்பது நமக்கு ஆறு எழுத்து; துணைக்காலையும் புள்ளியையும் தனித்தனியே கணக்கிடும் கணினிக்கோ அது 11. பின்னழி விசையை அழுத்தும்போது பல கருவிகளில் முழு எழுத்தும் போகாமல் புள்ளி மட்டும் போவதும் இதனால்தான். செய்தியைச் சுருக்குவதற்காக ஆங்கில எழுத்தில் தமிழை எழுதவேண்டாம். இணைய வசதி உள்ளவர்களுக்கு வட்ஸ்அப்பில் எழுதினால் இந்த எல்லை உங்களை வருத்தாது.

கேள்வி: கைத்தொலைபேசியைத் தமிழுக்கு மாற்றினேன், முன்பு விளங்கியதும் இப்போது விளங்கவில்லை. தமிழ் இதற்குப் போதாதா?
– ஒரு வாசகர், மானிப்பாய்

இந்தக் கேள்வி மானிப்பாயிலிருந்து வந்திருப்பதால் விடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தை மானிப்பாயில் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றியலைத் தாங்கிய மொழிக்கு ஒரு தொலைபேசியின் அமைப்புப் பக்கத்தைத் தாங்க முடியாமல் போகுமா?

குறை வேறிடத்தில் இருக்கிறது. கிறீனும் அவருடைய மாணவர்களும் நோயாளியையும் நூலையும் முன்னால் வைத்துக்கொண்டு சொல் தேடினார்கள். இன்றைய மென்பொருளை மொழிபெயர்ப்பவரிடமோ பெரும்பாலும் சொற்பட்டியல் மட்டுமே கொடுக்கப்படுகிறது. அச்சொல் எந்தத் திரையில், எதன் பக்கத்தில் வரும் என்று அவருக்குத் தெரியாது. "திற" என்ற கட்டளைக்கும் "திறந்திருக்கிறது" என்ற நிலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். பட்டியலை மட்டும் பார்ப்பவர் எதைத் தெரிவது? "பதிவை ரத்துச் செய்யவா?" என்று கேட்டுவிட்டு அதன்கீழ் "சரி", "ரத்துச்செய்" என இரு பொத்தான்களை வைத்தால், எதை அழுத்தினால் பதிவு போகும், எதை அழுத்தினால் இருக்கும்? "பதிவை நீக்கு", "பதிவு இருக்கட்டும்" என்று எழுதியிருந்தால் ஒரு குழப்பமும் இல்லை. திறந்த மூல மென்பொருள்கள் பலவற்றின் மொழிபெயர்ப்பில் எவரும் திருத்தம் முன்மொழியலாம். ஒரு வரியையாவது திருத்தி அனுப்புங்கள்.

கேள்வி: என் தந்தையார் கணினியில் தட்டெழுதி வைத்த ஊர் வரலாற்றுக் குறிப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகின்றன. மீட்கலாமா?
– ஒரு வாசகர், பருத்தித்துறை

மீட்கலாம். அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவாக இருக்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் கிடக்கும் ஆங்கிலக் குறிகளே தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் பொது முறையான யுனிகோட்டில் தமிழுக்கு 1991 இலேயே தனியிடம் ஒதுக்கப்பட்டபோதும், அது நம் அலுவலகங்களுக்கும் அச்சகங்களுக்கும் வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. பாமினியை யுனிகோட்டாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆவணத்தில் இடையிடையே உண்மையான ஆங்கிலப் பகுதி இருந்தால் அதையும் தமிழென எண்ணிக் கருவி சிதைத்துவிடும். அவற்றை முன்னரே பிரித்து எடுங்கள். மாற்றியபின் ஒருவர் வாசிக்க மற்றவர் ஒப்புநோக்குங்கள். மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

கேள்வி: நான் தாதியாகப் பணிபுரிகிறேன். அன்றாடம் காண்பவற்றை ஒரு வலைப்பதிவில் எழுத விருப்பம். "எல்லோரும் முகநூலில் இருக்கிறார்கள், வலைப்பதிவை யார் வாசிப்பார்?" என்கிறாள் என் மச்சாள். தொடங்கலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

தொடங்குங்கள். மச்சாள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. புதிய பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் தமிழ்மணம் என்ற திரட்டி 2004 இல் தொடங்கிய பின்னர் தமிழ் வலைப்பதிவுகள் ஒன்றையொன்று தேடி வாசித்த காலம் ஒன்று இருந்தது. ஈழத்தவர் பலர் அதில் எழுதினார்கள். பதிவுகளை ஓரிடத்தில் வாசிக்க உதவிய கூகுள் ரீடரும் 2013 ஜூலையில் மூடப்பட்டது. அந்தக் கூட்டம் இன்று இல்லை. முகநூலில் எழுதினால் அன்று மாலைக்குள் ஐம்பது பேர் பார்ப்பார்கள், வலைப்பதிவில் ஐந்து பேரும் வரமாட்டார்கள்.

ஆனால் போன ஆண்டு வைகாசியில் முகநூலில் நீங்கள் எழுதியதை இப்போது தேடி எடுத்துப் பாருங்கள். எழுதிய உங்களுக்கே இவ்வளவு சிரமம் என்றால், உங்களை அறியாத ஒருவர் அதை எப்படிக் கண்டடைவார்? வட்ஸ்அப் குழுவுக்குள் எழுதியதைத் தேடுபொறி எட்டிப்பார்க்கவே முடியாது. மேலே கேள்வி கேட்ட கொக்குவில் ஆசிரியை, தன் படிவம் எந்தக் கட்டத்தில் மறுத்தது, கடைசியில் எப்படி நிறைவேறியது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, திகதியிட்டு, தேடுபவர் எந்தச் சொற்களால் தேடுவாரோ அச்சொற்களையே தலைப்பாக வைத்தால், அதே சிக்கலில் நள்ளிரவில் தனித்திருக்கும் இன்னொருவருக்கு அது கிடைக்கும். அப்படிப்பட்ட ஒரே ஒருவருக்காக எழுதுவதும் எழுத்துத்தான்.

2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூலகத்தைத் திறந்து பார்த்தீர்களானால் அங்கே பாடசாலை ஆண்டு மலர்களும் நினைவு மலர்களும் நிறைய இருக்கும். அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டை எழுதுபவர் அடுத்த தலைமுறை ஆய்வாளரை எண்ணியா எழுதுகிறார்? ஆயினும் ஓர் ஊரின் உறவுமுறையையும் தொழிலையும் அறிய இன்று அவையே உதவுகின்றன. நீங்கள் எழுதப்போகும் சிறிய செய்திகளுக்கும் அந்த இடம் உண்டு. நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் எழுதாதீர்கள். பெயரை மறைத்தாலும் ஊரும் நோயும் நாளும் சேர்ந்தால் நம் ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மருந்துத் துண்டை வாசிக்க முதியவர்கள் படும் பாடு, இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் வழி, அம்மா ஒடியற்கூழுக்கு இடும் மீனின் அளவு ஆகியவற்றை எழுதுங்கள்.

எங்கே எழுதுவது என்பது அவ்வளவு முக்கியமில்லை. புளொக்கரோ வேர்ட்பிரஸோ போதும். படி ஒன்று உங்கள் கையில் இருப்பதே முக்கியம். எவரும் இலவசமாகப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிற்றீஸ் தளம் 2009 இல் மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் அதோடு போயின. எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. 2022 பங்குனியில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில், பதிவுத் தளத்தின் கட்டத்துக்குள்ளேயே நேரடியாக ஒரு நீண்ட கட்டுரையைத் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். "சேமிக்கப்பட்டது" என்று மேலே காட்டிக்கொண்டே இருந்தது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது முதல் இரண்டு பந்திகள் மட்டுமே எஞ்சியிருந்தன. அந்தக் கட்டுரையை மீண்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து கணினியில் ஒரு தனிக் கோப்பில் எழுதி முடித்த பின்னரே தளத்தில் ஏற்றுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பதிவையும் இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் பக்கம் பிறரை வருத்தாமலும் இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக, வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும். வாசிக்கத் தொடங்கியவரின் முகத்துக்கு நேரே அறிவிப்புப் பெட்டி எழும்ப வேண்டாம். வெளியிடுமுன் அம்மாவின் கைத்தொலைபேசியில் திறந்து, அவரிடமே வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: காலமான என் அண்ணர் பல ஆண்டுகள் வலைப்பதிவு எழுதியவர். கடவுச்சொல் எங்களுக்குத் தெரியாது. அதை எப்படிக் காப்பாற்றுவது?
– ஒரு வாசகி, வேலணை

உங்கள் துயரில் பங்குகொள்கிறேன். வாசிப்பதற்குக் கடவுச்சொல் தேவையில்லை என்பதால் இன்றே தொடங்கலாம். பதிவு கூகுளின் புளொக்கரில் இருந்தால், இரண்டு ஆண்டுகள் பயன்படாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் 2023 இல் அறிவித்திருப்பதால் தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு பதிவையும் திறந்து பீடிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். அதன் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் கொடுத்தால் அங்கும் ஒரு படி பதிவாகும். காலமானவரின் கணக்குத் தொடர்பாக உறவினர் விண்ணப்பிக்கவும் கூகுளில் வழி உண்டு. இறப்புச் சான்றிதழ் தேவைப்படும். சேமிக்கும்போது பதிவுகளின்கீழ் உள்ள பின்னூட்டங்களையும் விரித்து, அவையும் கோப்பில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அண்ணர் தம் நண்பர்களுக்கு எழுதிய மறுமொழிகள் அங்கேதான் இருக்கும்.