நகர விற்பனைக் குழுவில் நம் நாற்காலி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பதினெட்டு வருஷமாகத் தரைக்கடையில் காய்கறி விற்கிறேன். எங்கள் நகராட்சியின் நகர விற்பனைக் குழுவில் சாலையோர வியாபாரிகள் தரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் எங்கே, எப்போது விற்கலாம் என்று யோசனை சொல்லும் குழு அது. இது சம்பளத்துக்குச் செய்யும் வேலை இல்லை. குழுவைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பழக்கமானவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (தள்ளுவண்டிப் பழ வியாபாரி, திண்டுக்கல்): அக்கா, குழுவுக்கு ஆணையர்தான் தலைவர். போலீஸ், சுகாதார அதிகாரி, பேங்க்காரர் எல்லாரும் இருப்பார்கள். நாம் போய் என்ன பேசிவிட முடியும்?

தம்பி, 2014ஆம் வருஷத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் 22ஆம் பிரிவை யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. நம் ஆட்களை நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். இதை யாரும் தானமாகத் தரவில்லை. நடைபாதையில் விற்பதும் அரசியல் சட்டம் தந்த தொழில் உரிமைக்குள் வரும், அரசு அதை ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் சொன்னது 1989இல். அதைச் சட்டமாக எழுதி வாங்க இன்னும் 25 வருஷம் ஆனது. இத்தனை பேர் போராடி வாங்கிய நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வர எனக்கு மனசு வராது.

என்ன பேசுவது என்றால், அதிகாரிக்குத் தெரியாததைப் பேசுங்கள். எங்கள் ஊர்க் கோயில் தெருவில் கடை போட இடமே இல்லை என்று வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். பூக்காரர்கள் காலை ஒன்பது மணிக்குள் கூடையைக் கட்டிவிடுவார்கள், டிபன் கடைக்காரர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் அடுப்பு பற்ற வைப்பார்கள், ஒரே இடம் இரண்டு குடும்பத்துக்குப் போதும் என்று நான் சொன்னேன். வரைபடத்தில் நேரம் தெரியாது. அன்றைக்கு அந்தத் தெருவை விற்பனை இடங்களின் பட்டியலிலிருந்து எடுக்காமல் நிறுத்தியது அந்த ஒரு விவரம்தான்.

கேள்வி (பூ விற்பவரின் மகள், திருச்சி): அம்மாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். கூட்டத்தில் ஆங்கிலமும் அலுவலகத் தமிழுமாகப் பேசுகிறார்களாம். பயப்படுகிறார்.

அம்மாவின் பயம் நியாயமானது. கையெழுத்து விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் கூட்டத்தில் ஒரு நோட்டு சுற்றி வந்தது. வருகைப் பதிவு என்று நினைத்து, பாதி வெற்றாக இருந்த பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், எங்கள் சந்தையைப் புது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாற்ற எல்லாரும் ஒருமனதாகச் சம்மதித்ததாக மேலே எழுதியிருந்தது. கீழே என் பெயர். முப்பது குடும்பம் என்னிடம் வந்து, "நீயா சம்மதிச்ச?" என்று கேட்டது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அதை மாற்றி எழுத வைக்க நான்கு மாதம் அலைந்தோம். அதிலிருந்து வந்த பழக்கங்களை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். வருகைக்குத் தனிப் பக்கம் கேட்க வேண்டும். தீர்மானத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. கடைசி வரிக்கு அடியில் இடைவெளி விடாமல் போட வேண்டும். சம்மதம் இல்லை என்றால், "இதற்கு நான் சம்மதிக்கவில்லை" என்ற மூன்று சொல்லைத் தன் கையால் எழுதப் பழக்குங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடலாம். கூட்டக் குறிப்பின் நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

புரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்கட்டும். நான் கேட்டபோது பக்கத்தில் இருந்த ஒரு அதிகாரியே மெதுவாக, "எனக்கும் புரியலம்மா, நல்லவேளை கேட்டீங்க" என்றார்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர், ஈரோடு): நான் வியாபாரி இல்லை. உதவ விரும்புகிறேன். இந்தக் குழுவில் எனக்கு இடம் உண்டா?

உண்டு ஐயா. தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய அமைப்புகளுக்கும் குறைந்தது 10 சதவீத இடம் இருக்கிறது. அது நியமனம். குடியிருப்போர் சங்கம் வழியாகவும் வரலாம். வந்தால் மனுவைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள், விதிகளைப் படித்துச் சொல்லுங்கள். எங்களுக்கு அது பெரிய பலம். எங்களுக்காக நீங்கள் முடிவு மட்டும் சொல்லிவிட வேண்டாம். நல்ல மனசுள்ள ஒருவர், "கடையெல்லாம் ஒரே மாடிக் கட்டடத்துக்குப் போனால் சுத்தமாக இருக்கும்" என்று எங்களைக் கேட்காமலே பேசிவிட்டார். கீரை வாங்க யாரும் மாடி ஏற மாட்டார்கள் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கேள்வி (இட்லிக் கடை, மதுரை): காலையில் லாரியோடு வந்து சாமானை அள்ளிக்கொண்டு போனார்கள். பிரதிநிதியைக் கூப்பிட்டேன். "நான் என்ன செய்ய?" என்கிறார்.

செய்ய நிறைய இருக்கிறது. வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் விற்பனைச் சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குப் பிறகும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். சாமானை எடுத்தால் என்னென்ன எடுத்தோம் என்று பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நீங்கள் போய்க் கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே, பாத்திரம், தராசு போன்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும்.

பிரதிநிதி லாரிக்கு முன்னால் படுக்க வேண்டியதில்லை. பட்டியலைக் கேட்டு வாங்கட்டும். தராவிட்டால் லாரியையும் சாமானையும் போட்டோ எடுத்து, நேரத்தைக் குறித்து, அன்று மதியமே ஆணையருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கட்டும். அதற்குக்கூட வராதவரை அடுத்த தேர்தலில் நினைவில் வையுங்கள்.

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை): நடைபாதை முழுக்கக் கடை. வயதானவர்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். உங்கள் சட்டத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

ஐயா, உங்கள் வருத்தம் சரியானது. என் மாமியாரும் தடி ஊன்றித்தான் நடக்கிறார். அந்தக் குழுவில் உங்களுக்கும் நாற்காலி இருக்கிறது, நிறைய சங்கங்கள் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை. எங்கே விற்கலாம், எங்கே நேரக் கட்டுப்பாட்டோடு விற்கலாம், எங்கே விற்கவே கூடாது என்று மூன்றாகப் பிரிப்பது இந்தக் குழுவின் யோசனையோடுதான் நடக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் நால்வரும் நாங்கள் நால்வரும் டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு தெரு முழுக்க நடந்தோம். ஆள் நடக்க எத்தனை அடி என்று முதலில் அவர்களைச் சொல்லச் சொன்னோம். மிச்சத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். மூன்று கடை பின்னால் போக வேண்டியிருந்தது. அதில் ஒன்று என்னுடையது. கோட்டைத் தாண்டிய நாங்களே கோட்டைப் போட்டதால்தான் அது இன்றைக்கும் நிற்கிறது.

உங்கள் வார்டின் சாலை, குப்பை, தெருவிளக்கு பற்றி மக்கள் கூடிப் பேசப் பகுதி சபை இருக்கிறது. தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் நடக்கிறது. அங்கேயும் போங்கள்.

கேள்வி (துணி வியாபாரி, திருப்பூர்): சான்றிதழுக்குப் பெயர் சேர்க்கப் பிரதிநிதி 500 ரூபாய் கேட்கிறார். செலவுக்குத்தானே என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். சங்கச் சந்தாவுக்கு ரசீது உண்டு. இதற்கு ரசீது தருவாரா? ஒரு தடவை நம் ஆளே காசு வாங்கிவிட்டால், நாளைக்கு மாமூல் கேட்பவரைப் பார்த்து அவரால் நிமிர்ந்து பேச முடியாது. பத்துப் பேர் சேர்ந்து போய் அவரிடமே கேளுங்கள், தனியாகப் போக வேண்டாம்.

கேள்வி (மீன் விற்பவர், நாகப்பட்டினம்): கூட்டம் காலை பதினொரு மணிக்கு வைக்கிறார்கள். போனால் அன்றைய வியாபாரம் போச்சு. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முதல் வருஷம் சமாளிக்கவில்லை, நஷ்டப்பட்டேன். பிறகு வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட்டு, கூட்டத்தை மாலை மூன்றரைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். இரண்டு முறை மறுத்து, மூன்றாவது முறை மாற்றினார்கள். குழு உறுப்பினருக்குப் படி தரச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். இப்போது நான் கிளம்பினால் பக்கத்துத் தேங்காய்க் கடை அண்ணன் என் தராசையும் பார்த்துக்கொள்கிறார். திரும்பி வரும்போது கல்லாவில் காசு சரியாக இருக்கும்.

கேள்வி (வளையல் கடை, கும்பகோணம்): கூட்டம் முடிந்து வந்து எல்லாருக்கும் எப்படிச் சொல்வீர்கள்?

மறுநாள் அதிகாலை மொத்த மார்க்கெட்டில் லோடு வருவதற்காகக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவேன். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. தோற்றுப்போன விஷயத்தை முதலில் சொல்வேன், வேறு யார் வாயாலும் அவர்கள் அதைக் கேட்கக் கூடாது. அப்புறம் அடுத்த கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்ல, ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று போன வாரம் கீரைக்கார அம்மா சொன்னார். அதைக் கேட்டு மற்ற பெண்களும் தாங்களும் அப்படித்தான் என்றார்கள். நானும்தான். அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. நோட்டில் முதல் வரி அதுதான்.