டிஷ்வாஷர் பவுடர்: ஆச்சியிடம் கேட்டவை

காரைக்குடி: ஆச்சி, கையால் விளக்கும் லிக்விடையே மெஷினில் ஊற்றினால் என்ன?

நுரை பொங்கிக் கதவிடுக்கு வழியே தரைக்கு வரும். பம்பு தண்ணீரை விட்டு நுரையை இழுக்கும். மேல்தட்டுக்குத் தண்ணீர் சரியாக ஏறாது. மெஷின் பவுடரில் நுரை வராத சர்ஃபாக்டன்ட், அதாவது அழுக்கைப் பிரித்தெடுக்கும் பொருள், கொஞ்சம்தான். அதிகம் இருப்பது சலவைச் சோடா. எண்ணெய்ப் பிசுக்கை இளக்குவது அதன் காரம். கறை வெளுக்க சோடியம் பெர்கார்பனேட். சுடுநீரில் அது ஹைட்ரஜன் பெராக்சைடை விடும். முட்டை, கறிக்கு புரோட்டியேஸ், அதாவது புரதத்தைச் சிதைக்கும் என்சைம். சோற்றுப் பசைக்கு அமைலேஸ், அது மாவுச்சத்தைச் சிதைக்கும் என்சைம். கவுனி அரிசி காய்ந்து ஒட்டிய கிண்ணம் சுத்தமாவது இந்த அமைலேஸ் புண்ணியத்தில். 50-60 டிகிரி அதற்குத் தோது.

தேவகோட்டை: எங்களுக்கு போர் தண்ணீர். கண்ணாடி டம்ளரெல்லாம் வெள்ளை பூக்கிறது. பவுடரைக் கூட்டட்டுமா?

கூட்டாதீர்கள். முதலில் ஒரு டம்ளரில் வினிகர் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை போனால் உப்புப் படிவு. போகாவிட்டால் கண்ணாடியே அரித்திருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது.

படிவு என்றால் உப்புத் தொட்டியைக் கவனிக்க வேண்டும். மெஷினுக்குள் இருக்கும் ரெசின் என்ற பிசின் மணிகள் தண்ணீரின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ரெசினைத் திரும்பப் புதுப்பிப்பது உப்புநீர். தண்ணீரின் கடினத்தை, அதாவது இந்த உப்புகள் எவ்வளவு என்பதை, சோதித்து அளவை மெஷினில் பதியுங்கள். கடினம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) என்றால், இன்னொரு அலகான ஜெர்மன் டிகிரியில் ஏறத்தாழ 28. கடினத்தைக் குறைக்காமல் பவுடரை அள்ளிப் போட்டால் கார்பனேட்டும் கால்சியமும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். முன்பு பாஸ்பேட் இதைத் தடுத்தது. 2017 முதல் ஐரோப்பாவில் வீட்டு உபயோகப் பவுடரில் ஒரு வேளைக்குப் பாஸ்பரஸ் 0.3 கிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். இப்போது சிட்ரேட் போன்றவை அந்த இடத்தில்.

சமையல் பொடியுப்பு வேண்டாம், கட்டிபிடித்து அடைக்கும். டிஷ்வாஷர் உப்பையே வாங்குங்கள். போட்ட கையோடு மெஷினை ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்பு அப்படியே கிடந்தால் மெஷினின் எவர்சில்வர் உள்தரையில் துரு குத்தும்.

கானாடுகாத்தான்: அக்கா, வெண்கல உருளியும் பணியாரக்கல்லும் போடலாமா?

இரண்டுமே கூடாது. உருளி மங்கிக் கறுக்கும். இரும்புக் கல்லில் வருஷக்கணக்காகப் பழகிய எண்ணெய்ப் பூச்சைக் காரம் உரித்துவிடும். அடுத்த பணியாரம் ஒட்டும், கல்லும் துருவேறும். அலுமினியச் சட்டி ஒரே கழுவலில் கறுத்துப்போகும். பவுடரில் சேர்க்கும் சிலிக்கேட் உலோகத்துக்கு ஓரளவு காப்பு, அவ்வளவுதான்.

புதுவயல்: மஞ்சள் பட்ட பிளாஸ்டிக் டப்பா சிவக்கிறதே?

மஞ்சளின் குர்குமின் காரத்தில் சிவக்கும். டப்பா கெடவில்லை. பிளாஸ்டிக்கில் ஊறிய நிறம் மெஷினில் முழுதும் போகாது. நன்றாக அலசி வெயிலில் வையுங்கள், வெளுக்கும்.

பள்ளத்தூர்: சலவைச் சோடா, சிட்ரிக் ஆசிட் கலந்து வீட்டிலேயே செய்யலாமா?

ஆசிட்டும் சோடாவும் ஈரம் பட்டதும் பொங்கி ஒன்றையொன்று தீர்த்துவிடும். ஜாடியிலேயே பாறையாகவும் இறுகும். என்சைமும் இருக்காது. செலவு மிச்சம் பிடிக்க நினைத்தால் கடைப் பவுடரில் அரைச் சுமைக்கு அரை அளவு போடுங்கள். சிட்ரிக் ஆசிட்டை, பாத்திரம் இல்லாமல் வெறும் மெஷினை ஓட்டிப் படிவு நீக்க வைத்துக்கொள்ளுங்கள்.