'குடும்பம்' தமிழ்ச் சொல்லா, வடமொழியா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் ஒரு பையன் இதையேதான் கேட்டான். வடமொழியில் 'குடும்ப' உண்டு, அதனால் அங்கிருந்து வந்தது என்று பலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மொழியியல் அறிஞர்கள் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, அந்த வடமொழிச் சொல்லையே நம் 'குடி'யோடு சேர்த்துத்தான் காட்டுகிறது. குடி என்றால் வீடு, வீட்டில் இருப்பவர்கள், பரம்பரை எல்லாம்தான். குடியிருப்பு, குடித்தனம், குடிசை என்று நாம் தினமும் புழங்குவது. குறளிலும் 'குடும்பத்தைக் குற்ற மறைப்பான் உடம்பு' என்று வருகிறது, அதுவும் குடிசெயல்வகை அதிகாரத்தில், 1029ஆம் குறள்.

சரி, ஆங்கில 'ஃபேமிலி'? அது லத்தீன் 'ஃபமிலியா'. அதற்கு அடியில் இருப்பது 'ஃபமுலுஸ்', அதாவது வேலைக்காரன். ரோமானியர் வீட்டில் அடிமைகளும் அந்தக் கணக்கில் சேர்த்தி. (1860இல் ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை இங்கே இறக்கிய கரும்புத் தோட்டக்காரர்களுக்கு இந்த அர்த்தம் ரொம்பப் பிடித்திருக்கும்!) இங்கே ஆப்பிரிக்கான்ஸ் பேசுபவர்கள் அப்பா அம்மா பிள்ளைகளை 'ஹெசின்' என்றும், சொந்தபந்தம் மொத்தத்தையும் 'ஃபமீலி' என்றும் பிரித்தே சொல்வார்கள். நமக்குச் சித்தி மாமா எல்லாரும் குடும்பம்தான்.