தமிழ்நாட்டுக்கு ஒரே ஆண்டில் 49 கோடி சுற்றுலாப் பயணிகளா? இந்தக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள், நம்பலாமா?

நம்பலாம், தலைகளை எண்ணிய கணக்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நீங்கள் கேட்கும் எண் 2019ஆம் ஆண்டுக்கானது. ஒன்றியச் சுற்றுலா அமைச்சகத்தின் தொகுப்பில் தமிழ்நாட்டுக்கு சுமார் 49.49 கோடி உள்நாட்டு வருகைகள் என்று இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் இருந்தவர்களே 7.21 கோடிப் பேர்தான். மதுரையில் ஓர் இரவு, இராமேசுவரத்தில் ஓர் இரவு, கன்னியாகுமரியில் ஓர் இரவு தங்கி ஊர் திரும்புகிறவர் இந்தக் கணக்கில் மூன்று முறை ஏறிவிடுவார்.

வெளிநாட்டவர் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதே 2019இல் குடிவரவுத் துறையின் பதிவுப்படி நாட்டுக்குள் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1.09 கோடி. மாநிலங்கள் தந்த வெளிநாட்டவர் வருகைகளைக் கூட்டினாலோ 3.14 கோடி! அதில் 68.66 லட்சத்துடன் தமிழ்நாடு முதலிடம். இந்த 68.66 லட்சத்தை அந்த 1.09 கோடியால் வகுத்துவிட்டு, 'இந்தியா வருகிற வெளிநாட்டவரில் பாதிக்கும் மேல் நம்மிடம்தான் வருகிறார்கள்' என்று மார்தட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

மாநிலங்களின் எண்கள் பெரும்பாலும் தங்கும் விடுதிகள் மாதந்தோறும் தரும் விவரங்களிலிருந்து வருகின்றன. கோயில் நகரம் ஒன்றில் விடுதி வரவேற்பு மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரங்களோடு அரசுக்கான இணையப் படிவத்தைப் பதிவேற்றியாக வேண்டும். அதில் யாரும் விளையாட மாட்டார்கள். உள்நாட்டவர் விஷயத்தில் அந்தக் கெடுபிடி கிடையாது. மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக் கூட்டுவதுதான். முகூர்த்த நாளில் பத்து அறைகளும் ஒரே பெயரில் இருக்கும். அறைக்கு எத்தனை பேர் பாய் விரித்துப் படுத்தார்கள் என்பது பெண் வீட்டாருக்கே தெரியாது.

விடுதிக்கே வராதவர்களை என்ன செய்வது? தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 2014-15இல் வீடு வீடாகச் சென்று எடுத்த 72ஆவது சுற்று ஆய்வில், இரவு தங்கிய பயணங்களில் மிகப் பெரும்பான்மை உற்றார் உறவினரைப் பார்க்கப் போனவை என்று தெரியவந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு வந்து தங்குகிறவரை விமான நிலையம் எண்ணிவிடும், விடுதிக் கணக்கு எண்ணாது.

ஆகவே, 'உத்தரப் பிரதேசம் 53 கோடி, நாம் 49 கோடி, இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டோம்' என்பது போன்ற போட்டிக்கு இந்த எண்கள் உதவாது என்பது என் கருத்து. கூட்டம் சேரும் இடத்தையும் அதை எண்ணும் விதத்தையும் பொறுத்து எண் மாறும். ஒரே ஊரின் எண்களை, ஒரே முறையில் எடுத்தவற்றை, மாதவாரியாக ஒப்பிட்டால் பயன் உண்டு. விடுதியோ உணவகமோ தொடங்க நினைப்பவர் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

எண்ணிக்கை நேரடியாக முடிவுக்குப் பயன்பட்டதற்கு ஊட்டியும் கொடைக்கானலும் நல்ல உதாரணம். சீசனில் மலைப்பாதை திணறியபோது, எத்தனை வண்டிகளை அந்த ஊர்கள் தாங்கும் என்று சொல்லச் சரியான கணக்கு இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. வண்டி எண், ஆட்கள், வரும் நாள், போகும் நாள், தங்குமிடம் எல்லாம் அதில் பதிவாகும். அடுத்த ஆண்டு கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் நீதிமன்றம் வரம்பு வைத்தது. சாலைக்குப் பாரம் வண்டி என்பதால் இங்கே வண்டியை எண்ணியது சரியான தேர்வு. ஆனால் அரசுப் பேருந்துக்கு இ-பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி ஊட்டி போகிறவரைக் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால் போக்குவரத்துக் கழகத்தின் டிக்கெட் கணக்கைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.